கேமரா சென்சார் டிரைவர் துவக்கத்திலேயே நின்றால்: மின்சாரம் இருக்கும்போதே பாருங்கள்

கேமரா சென்சார் டிரைவர் ஏறவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சென்சாருக்கு மின்சாரம் இருந்தபோது பார்த்தீர்களா, போன பிறகு பார்த்தீர்களா?" பெரும்பாலும் போன பிறகுதான் பார்த்திருப்பார்கள். டிரைவரின் இயல்பு அப்படி. புரோப் எனும் துவக்க ஃபங்ஷன் ஓடும்போது மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டர்களை இயக்கும், துடிப்பு சிக்னலான கிளாக்கைத் திறக்கும், ரீசெட்டை விடுவிக்கும், கடைசியாக சென்சாரின் அடையாள எண்ணைப் படிக்கும். படிக்க முடியாவிட்டால் வந்த வழியே திரும்பி, இயக்கிய அத்தனையையும் அணைத்துவிட்டு வெளியேறிவிடும். இத்தனையும் நாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அப்புறம் மல்டிமீட்டரை எடுத்துப் போய் வைத்தால் 0 வோல்ட்தான் காட்டும். அதை நம்பி பவர் சப்ளையைக் குடைய ஆரம்பித்தால் ஒரு வாரம் வீண்.

இந்தக் குறிப்பு முழுக்க லினக்ஸ் கெர்னலில் ஓடும் சென்சார் டிரைவர்களைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு சோனியின் ஐஎம்எக்ஸ்219, ஆம்னிவிஷனின் ஓவி5640 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, பலருக்கும் கையில் கிடைக்கும் சென்சார்கள். வேறு சென்சார் என்றால் எண்கள்தான் மாறும், பார்க்க வேண்டிய வரிசை மாறாது.

முதலில்: புரோப் ஓடியதா?

இதை உறுதிசெய்யாமல் எதையும் தொடாதீர்கள். டி-மெசேஜ் எனும் கெர்னல் செய்திப் பதிவில் சென்சாரின் பெயரைத் தேடுங்கள். ஒரு வரிகூட இல்லையென்றால் டிரைவர் தோற்கவில்லை, அதை யாரும் கூப்பிடவே இல்லை. இந்த நிலையில் ஆசிலோஸ்கோப்புக்கு வேலை கிடையாது.

கூப்பிடாமல் போக நான்கைந்து காரணங்கள்தான் உண்டு. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் சென்சார் நோடின் ஸ்டேட்டஸ் 'டிஸேபிள்டு' என்று இருக்கலாம். சென்சார் நோடை 'ஓகே' ஆக்கிவிட்டு அதன் மேலே இருக்கும் ஐ2சி பஸ் (சென்சாரோடு பேசும் இரண்டு கம்பி இணைப்பு) நோடை மறந்துவிடுவது இன்னும் அதிகம் நடக்கிறது. சாதனத்தையும் டிரைவரையும் பொருத்தும் கம்பேட்டிபிள் சரத்தில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். டிரைவர் மாட்யூலாகக் கட்டப்பட்டு, அதில் சாதனப் பட்டியலை அறிவிக்கும் மேக்ரோ விடுபட்டிருந்தால், கையால் ஏற்றினால் வேலை செய்யும், தானாக ஏறாது. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, நீங்கள் திருத்திய டிவைஸ் ட்ரீ கோப்பு ஒன்று, பூட்லோடர் எடுத்துப் போடுவது இன்னொன்று என்பது. அதனால் மூலக் கோப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் ப்ராக் அடைவில் டிவைஸ்-ட்ரீ என்று ஓர் அடைவு இருக்கும். டிவைஸ் ட்ரீ கம்பைலரைக் கொண்டு அதை அப்படியே உரையாக மாற்றிப் படியுங்கள். கெர்னல் உண்மையில் பார்ப்பது அதைத்தான்.

பிழை எண் எந்தப் படியில் நின்றது என்று சொல்லும்

புரோப் ஓடித் தோற்றிருந்தால் பதிவின் கடைசியில் ஓர் எதிர்ம எண் இருக்கும். அதை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. அந்த ஒரு எண்ணே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

-517 என்றால் தோல்வி இல்லை, காத்திருப்பு. சென்சாருக்கு வேண்டிய ரெகுலேட்டரோ கிளாக்கோ ஜிபிஐஓவோ (மென்பொருள் மேலும் கீழும் ஆக்கும் கால்) இன்னும் தயாராகவில்லை, பிறகு மறுபடி முயல்கிறேன் என்று டிரைவர் சொல்கிறது. ஒருமுறை வந்து பிறகு சரியானால் கவலை வேண்டாம். கடைசிவரை அப்படியே நின்றால் கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டிபக்எஃப்எஸ் அடைவில் டிவைசஸ்_டெஃபர்ட் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். யார் யார் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். டிரைவர் டெவ்_எர்_புரோப் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் எதற்காகக் காத்திருக்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கெர்னல் 5.9 பதிப்பில் வந்த இந்தச் சின்ன ஃபங்ஷன் எத்தனை பேருடைய இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லி மாளாது. பழைய டிரைவரைத் திருத்தும்போது நான் செய்யும் முதல் மாற்றம், வளம் கேட்கும் இடங்களில் எல்லாம் இதைப் போடுவதுதான்.

-22 என்றால் பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ விவரிப்பில் பிழை: டேட்டா லேன் (படத் தரவு போகும் கம்பி இணை) எண்ணிக்கை, லிங்க் ஃப்ரீக்வென்சி (அந்த இணைப்பின் வேகம்), கிளாக் வேகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று டிரைவர் எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போகவில்லை. இங்கே வன்பொருளைத் தொடவே தேவையில்லை. டிரைவர் மூலக் குறியீட்டில் அந்தச் சோதனையைத் தேடிப் படித்தால் போதும்.

-121, -6 இரண்டும் ஒரே விஷயம்தான்: ஐ2சி பஸ்ஸில் அழைத்தோம், பதில் இல்லை. கன்ட்ரோலரைப் பொறுத்து எண் மாறும். -110 என்றால் நேரம் கடந்துவிட்டது. அதாவது பஸ்ஸே ஸ்தம்பித்திருக்கிறது, எஸ்சிஎல் (பஸ்ஸின் கிளாக்) அல்லது எஸ்டிஏ (டேட்டா) கம்பியை யாரோ கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பதில் வராததற்கும் பஸ் ஸ்தம்பிப்பதற்கும் காரணங்கள் வேறு. அதனால் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில பழைய டிரைவர்கள் எந்த ஐ2சி பிழை வந்தாலும் அதை -5 ஆக மாற்றிவிடும். அப்படி இருந்தால் முதலில் அதைத் திருத்தி, உண்மையான எண் மேலே வரும்படி செய்யுங்கள்.

-19 வந்தால் ஒரு விதத்தில் நல்ல செய்தி. பல டிரைவர்கள் இதை "ஏதோ பதில் வந்தது, ஆனால் அடையாள எண் பொருந்தவில்லை" என்ற பொருளில்தான் திருப்புகின்றன. பொருந்தாத அந்த எண் என்ன என்பதையும் டிரைவர் அச்சிட்டிருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.

புரோப்பை நடுவில் நிறுத்துங்கள்

என் முறையின் மையம் இதுதான். டிரைவரின் மூலக் குறியீட்டைத் திறந்து, மின்சாரம், கிளாக், ரீசெட் எல்லாம் முடிந்து அடையாள எண்ணைப் படிக்கும் வரிக்குச் சற்று முன்னால், எம்ஸ்லீப் கொண்டு 60 விநாடி தூக்கம் ஒன்றைச் செருகுங்கள். டிரைவரை மாட்யூலாகக் கட்டி, தானாக ஏறாதபடி தடுத்துவிட்டு, கையால் ஏற்றுங்கள். கட்டளை திரும்பி வராமல் நிற்கும். அந்த ஒரு நிமிடம் சென்சார் முழு மின்சாரத்தோடு, எல்லாச் சிக்னலும் அதனதன் இடத்தில் இருக்க, அசையாமல் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆசிலோஸ்கோப்பை வைக்கலாம், இன்னொரு டெர்மினலில் டிபக்எஃப்எஸ் கோப்புகளைப் படிக்கலாம். 120 விநாடிக்கு மேல் தூங்கவிட்டால், ஹங் டாஸ்க் கண்காணிப்பு (நெடுநேரம் அசையாத வேலைகளைக் கவனிப்பது) இயங்கும் கெர்னலில் ஒரு நீண்ட எச்சரிக்கை வந்து விழும். அது சும்மா குழப்பத்தைக் கூட்டும், அதனால் 60 போதும்.

டிரைவர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள், பூட் அங்கேயே நின்றுவிடலாம்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் பார்க்கும் வரிசை இது.

டிபக்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர்_சம்மரி: சென்சாரின் பெயர் எந்தெந்த ரெகுலேட்டரின் கீழே இருக்கிறது, அது இயங்குகிறதா, எத்தனை வோல்ட்? அடுத்து சிஎல்கே_சம்மரி: சென்சாருக்குப் போகும் கிளாக்கின் எனேபிள் எண்ணிக்கை குறைந்தது 1 ஆக இருக்கிறதா, வேகம் என்ன? பிறகு ஜிபிஐஓ கோப்பு: ரீசெட் பின் வெளியீடாக இருக்கிறதா, மேலா கீழா (மின்னழுத்தம் உண்டா இல்லையா)? பிறகு பின்கன்ட்ரோல் அடைவில், கிளாக் வெளிவர வேண்டிய பின் உண்மையிலேயே கிளாக் வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா, வெறும் ஜிபிஐஓவாக விடப்பட்டிருக்கிறதா? இவை நான்கும் கெர்னல் என்ன நினைக்கிறது என்பதைச் சொல்லும். இதன் பிறகுதான் ஆசிலோஸ்கோப். கெர்னல் 2.8 வோல்ட் என்று நினைப்பதும் சென்சாரின் காலில் 2.8 வோல்ட் இருப்பதும் ஒன்றல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புரோப் தூங்கும்போது ஐ2சி-டிடெக்ட் ஓட்டினால் சென்சாரின் முகவரியில் 'யூயூ' என்று வரும். சென்சார் பதில் சொல்லிவிட்டது என்று பலர் மகிழ்ந்துபோவார்கள். அதற்கு அர்த்தம் அதுவல்ல. அந்த முகவரியை ஒரு டிரைவர் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் நான் தொடவில்லை என்றுதான் அந்தக் கருவி சொல்கிறது. சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓட்டினாலும் அதே 'யூயூ'தான் வரும். உண்மையில் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஐ2சி-டிரான்ஸ்ஃபர் கருவியை, கட்டாயப்படுத்தும் 'எஃப்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஐஎம்எக்ஸ்219 என்றால் முகவரி ஹெக்ஸ் 10. இரண்டு பைட் எழுதி 0000 என்ற ரெஜிஸ்டரைச் (சென்சாருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) சுட்டி, இரண்டு பைட் படியுங்கள். 02, 19 என்று வந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. ஓவி5640 என்றால் முகவரி ஹெக்ஸ் 3சி, ரெஜிஸ்டர் 300ஏ, வர வேண்டியது 56, 40.

ஐ2சி-கெட் கருவியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு பைட் ரெஜிஸ்டர் முகவரிக்கானது. இந்த சென்சார்களின் ரெஜிஸ்டர் முகவரி இரண்டு பைட். ஏதோ ஓர் எண் வரும், அது எதற்கும் உதவாது.

மின்சாரம்

ஐஎம்எக்ஸ்219க்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும்: அனலாக் பகுதிக்கு 2.8, உள்வெளி சிக்னல்களுக்கு 1.8, உள்மையத்துக்கு 1.2 வோல்ட். டிவைஸ் ட்ரீயில் இவற்றின் பெயர்கள் டிரைவர் கேட்கும் பெயர்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? பிழை வரும் என்றுதான் எதிர்பார்ப்போம். வராது. கெர்னல் ஒரு 'டம்மி ரெகுலேட்டரை' எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். டிரைவர் அந்த டம்மியை இயக்கி, வெற்றி என்று எண்ணி மேலே போகும். மின்சாரம் எப்போதும் இருக்கும்படி வடிவமைத்த போர்டுகளுக்கு இது வசதி. ஆனால் எழுத்துப் பிழையால் நடந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத கோளாறாக மாறும்.

நான் பார்த்ததிலேயே மறக்க முடியாதது இந்த வகையைச் சேர்ந்தது. கேமரா பூட் ஆனதும் நன்றாக வேலை செய்யும், படம் வரும், அரை நிமிடம் போனதும் செத்துவிடும். அதன்பிறகு டிரைவரைக் கழற்றி ஏற்றினால் -121. சூடாகிறதா என்று பார்த்தார்கள், ரிப்பன் கேபிளை மாற்றினார்கள், சென்சாரையே மாற்றினார்கள். பதிவை நிதானமாகப் படித்தபோது 30வது விநாடியை ஒட்டி, அந்த ரெகுலேட்டரின் பெயரோடு 'டிஸேபிளிங்' என்று ஒரு வரி இருந்தது. நடந்தது இதுதான்: பூட்லோடர் அந்த ரெகுலேட்டரை இயக்கி விட்டுப் போயிருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் சப்ளையின் பெயர் பிசகியதால் சென்சார் டிரைவர் பிடித்திருந்தது டம்மியை. உண்மையான ரெகுலேட்டரை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ரெகுலேட்டர்களை பூட் ஆகி 30 விநாடிக்குப் பிறகு கெர்னல் அணைத்துவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினோம், தீர்ந்தது.

அதனால் பதிவில் 'டம்மி ரெகுலேட்டர்' என்ற சொற்களைக் கண்டால் நில்லுங்கள். அது உங்கள் சென்சாருக்கு உரியதென்றால், அந்த மின்னழுத்தம் போர்டில் நிரந்தரமாக இருப்பதுதானா என்று சர்க்யூட் வரைபடத்தில் பார்த்து உறுதிசெய்த பிறகு நகருங்கள். நிரந்தரமானது என்றாலும் ஒரு ஃபிக்ஸ்டு ரெகுலேட்டர் நோடாக எழுதி வைத்துவிடுவது நல்லது. அடுத்து வருபவருக்குச் சந்தேகம் வராது.

மின்னழுத்தங்கள் வரும் வரிசையும் முக்கியம். அதை டேட்டாஷீட்டின் டைமிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல டிரைவர்கள் எல்லா ரெகுலேட்டர்களையும் மொத்தமாக ஒரே அழைப்பில் இயக்குகின்றன. அந்த மொத்த அழைப்பில் எது முதலில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் சென்சார் வரிசையைக் கறாராகக் கேட்டால் தனித்தனியாக இயக்கத்தான் வேண்டும்.

கிளாக்

சென்சாருக்கு வெளியிலிருந்து கிளாக் வராவிட்டால் ஐ2சி முகவரிக்குக்கூடப் பதில் சொல்லாத சென்சார்கள் பல. அதனால் -121 வந்தவுடன் ஐ2சி கம்பிகளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கிளாக்கைப் பாருங்கள். கெர்னலில் உள்ள ஐஎம்எக்ஸ்219 டிரைவர் 24 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான் ஏற்கும், வேறு எதைக் கொடுத்தாலும் -22. ஓவி5640 இளகிய மனம் கொண்டது, டேட்டாஷீட்டின்படி 6 முதல் 27 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் எடுத்துக்கொள்ளும்.

போர்டின் மையச் சிப்பான எஸ்ஓசியில், கிளாக்கை உருவாக்கும் பிஎல்எல்லிலிருந்து அது வருகிறது என்றால் கேட்ட வேகம் அப்படியே கிடைக்காமல் போகலாம். 24,000,000க்குப் பதிலாக 23,999,999 என்று வகுத்தல் மீதியோடு வரும். டிரைவர் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் அந்த ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு கேமராவே இல்லாமல் போய்விடும். டிவைஸ் ட்ரீயில் அசைன்டு-கிளாக்-பேரன்ட்ஸ் கொண்டு சரியாக வகுபடும் மூலத்தைத் தேர்ந்தெடுப்பது முறையான தீர்வு. அதற்கு வழியே இல்லாதபோது டிரைவரில் சிறு நெகிழ்வு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சோதனையையே நீக்கிவிடுவதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த டிரைவரில் இருக்கும் ரெஜிஸ்டர் பட்டியல் முழுக்க அந்த வேகத்தை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ரெகுலேட்டருக்குச் சொன்ன கதை கிளாக்குக்கும் உண்டு. பூட்லோடர் திறந்து விட்ட, யாரும் கேட்காத கிளாக்குகளை பூட்டின் இறுதிக் கட்டத்தில் கெர்னல் மூடிவிடும். கெர்னல் கட்டளை வரியில் சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு என்று சேர்த்துப் பாருங்கள். அதைச் சேர்த்தால் கேமரா வேலை செய்கிறது, எடுத்தால் இல்லை என்றால், டிவைஸ் ட்ரீயில் உங்கள் சென்சாருக்குக் கொடுத்த கிளாக் தவறானது அல்லது முழுமையற்றது. இது கண்டுபிடிக்க மட்டும்தான், அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

ரீசெட்

கையால் எழுதிய ஒவ்வொரு டிரைவரிலும் நான் இரண்டு முறை படிக்கும் இடம் இது. பெரும்பாலான சென்சார்களின் ரீசெட் கால் கீழே இருக்கும்போது சென்சார் ரீசெட்டில் இருக்கும், மேலே போனால் விழிக்கும். இதை டிவைஸ் ட்ரீயில் 'ஆக்டிவ் லோ' என்று எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு டிரைவருக்குள் 1 என்றால் "ரீசெட்டில் வை", 0 என்றால் "விடுவி". அது மின்னழுத்தத்தைக் குறிக்காது, பொருளைக் குறிக்கும். ஜிபிஐஓடி ஃபங்ஷன்கள் எல்லாம் இப்படித்தான் பேசுகின்றன. பழைய பழக்கத்தில் டிரைவரில் 1 எழுதி மேலே தூக்குகிறேன் என்று நினைத்தால், சென்சார் கடைசிவரை ரீசெட்டிலேயே கிடக்கும்.

இதில் இன்னொரு கோணல்: டிவைஸ் ட்ரீயில் 'ஆக்டிவ் ஹை' என்று தவறாக எழுதி, டிரைவரிலும் தலைகீழாக எழுதி, இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வேலை செய்யும். அப்புறம் யாராவது ஒருவர் ஒரு பக்கத்தை மட்டும் திருத்துவார், எல்லாம் நின்றுவிடும். டிரைவரைப் புதிதாக எடுத்துக்கொள்ளும்போதே இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள். ஓவி5640ல் கூடுதலாக பவர்டவுன் என்று ஒரு கால் உண்டு, அது நேர்மாறானது: மேலே இருந்தால் தூக்கம். இரண்டையும் ஒரே துருவத்தில் எழுதிவிட்டால் சென்சார் எழாது.

ரீசெட்டை விடுவித்த உடனே பேசவும் கூடாது. ஓவி5640க்கு 20 மில்லி விநாடி பொறுக்க வேண்டும். ஐஎம்எக்ஸ்219 டிரைவரில் இது 6 மில்லி விநாடிக்குச் சற்று மேல் என்று வைத்திருக்கிறார்கள். பத்து முறையில் ஒரு முறை மட்டும் தோற்கும் துவக்கம் என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தக் காத்திருப்பைத்தான். அடையாள எண்ணை மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் சுற்று ஒன்றைச் சேர்த்துச் சமாளித்திருப்பதைச் சில டிரைவர்களில் பார்க்கிறேன். அது நோயை மூடி மறைப்பது. ஆசிலோஸ்கோப்பில் ரீசெட்டின் ஏற்றத்தையும் முதல் ஐ2சி அழைப்பையும் ஒரே திரையில் வைத்து இடைவெளியை அளந்து, டேட்டாஷீட் கேட்கும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஐ2சி

மின்சாரம், கிளாக், ரீசெட் மூன்றும் சரியென்று கண்ணால் பார்த்தாயிற்று, இன்னும் பதில் இல்லை என்றால் இப்போது ஐ2சி.

முகவரியை முதலில் சரிபாருங்கள். பல டேட்டாஷீட்டுகள் எழுதும் முகவரியை எட்டு பிட்டாகத் தருகின்றன. ஓவி5640க்கு 78 என்று இருக்கும். கெர்னலுக்கு வேண்டியது ஏழு பிட், அதாவது அதில் பாதி: 3சி. எல்லாம் ஹெக்ஸ் கணக்கு. சில சென்சார்களில் ஒரு காலை மேலே அல்லது கீழே கட்டி முகவரியை மாற்றலாம், ஆகவே உங்கள் போர்டில் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். பஸ் எண்ணும் ஏமாற்றும், நீங்கள் தேடுவது இரண்டாவது பஸ்ஸில், சென்சார் இருப்பது பஸ்ஸைப் பல கிளையாகப் பிரிக்கும் மல்டிப்ளெக்ஸருக்குப் பின்னால் பத்தாவதில் என்பது சகஜம்.

-110 வந்தால் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். சும்மா இருக்கும்போது இரண்டும் மேலே இருக்க வேண்டும். கீழே கிடந்தால் கம்பியை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லை, அல்லது அதன் மின்சாரம் இல்லை, அல்லது யாரோ இழுக்கிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் மின்சாரம் கிடைக்காத சென்சாரேதான். 1.8 வோல்ட் வராத சென்சார், தன் காலில் உள்ள பாதுகாப்பு டையோடுகள் வழியாகக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். அதே பஸ்ஸில் இருக்கும் ஈஈப்ராம், ஆட்டோஃபோகஸ் மோட்டார் டிரைவர் எல்லாம் சேர்ந்து ஊமையாகிவிடும். ஒரே நேரத்தில் மூன்று சாதனம் செத்தது போலத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண் வந்தது, ஆனால் பொருந்தவில்லை என்றால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லும். 0219க்குப் பதில் 1902 வந்தால் பைட் வரிசை தலைகீழ், டிரைவர் குறியீட்டில் பிழை. 0 வந்தால் பெரும்பாலும் சீக்கிரம் படித்துவிட்டீர்கள், அல்லது ரெஜிஸ்டர் அகலத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். முற்றிலும் வேறு, ஆனால் அர்த்தமுள்ள எண் வந்தால் மாட்யூலுக்குள் வேறு சென்சார் இருக்கிறது.

ரிப்பன் கேபிளைப் பற்றி ஒரு வரி: கழற்றி மாட்டுவதற்கு முன் போர்டின் மின்சாரத்தை நிறுத்துங்கள், தொடுமுனைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று இருமுறை பாருங்கள்.

புரோப் வென்றது, ஆனாலும் வீடியோ கருவி இல்லை

இதையும் துவக்கக் கோளாறு என்றுதான் கொண்டு வருவார்கள். சென்சார் தனியாக வீடியோ கருவியை உருவாக்குவதில்லை. எஸ்ஓசியில் படத் தரவை வாங்கும் சிஎஸ்ஐ ரிசீவரின் டிரைவர், சென்சார் வருவதற்காகக் காத்திருக்கும், வந்ததும் இரண்டும் கைகோத்த பிறகுதான் முழுமையான மீடியா அமைப்பு எழும். பல ரிசீவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட அத்தனை பேரும் வந்தால்தான் கதவைத் திறக்கும். இரண்டு கேமரா உள்ள போர்டில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்றதும் வராமல் போவது இதனால்தான்.

டிபக்எஃப்எஸ்ஸில் வி4எல்2-அசிங்க் என்ற அடைவில், இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். பட்டியலில் சென்சார் இருந்தும் சென்சாரின் புரோப் வென்றிருந்தால், டிவைஸ் ட்ரீயில் மறுமுனையைக் காட்டும் இரு பக்க ரிமோட்-எண்ட்பாயின்ட்களில் ஒன்று தவறான இடத்தைச் சுட்டுகிறது. சென்சார் ரிசீவரைச் சுட்ட வேண்டும், ரிசீவரும் சென்சாரைச் சுட்ட வேண்டும். ஐஎம்எக்ஸ்219க்கு அதே எண்ட்பாயின்ட்டில் லிங்க் ஃப்ரீக்வென்சியும் தேவை. இரண்டு லேன் இணைப்புக்கு அது 456 மெகாஹெர்ட்ஸ், 64 பிட் எண்ணாக எழுத வேண்டும்.

டிரைவரிலேயே பிழை இருந்தால்

வன்பொருளும் டிவைஸ் ட்ரீயும் சரியென்று ஆன பிறகுதான் டிரைவரின் குறியீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரும். ஆனால் குறியீட்டில் உண்மையிலேயே பிழை இருக்கும் டிரைவர்கள் நிறையவே உண்டு, அவை ஒரே மாதிரியான பிழைகள்.

முதலாவது, -517ஐ விழுங்குவது. கிளாக் கிடைக்கவில்லை என்று கெர்னல் -517 கொடுக்கிறது. டிரைவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் பங்குக்கு -22 என்று திருப்புகிறது. கெர்னல் அதை இறுதித் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுமுயற்சியே செய்யாது. அடையாளம் என்னவென்றால், கையால் மாட்யூலை ஏற்றினால் எப்போதும் வெற்றி, பூட்டின்போது எப்போதும் தோல்வி. கிடைத்த பிழை எண்ணை அப்படியே மேலே அனுப்புங்கள்.

இரண்டாவது, சென்சாரை ரிசீவருக்கு அறிவிக்கும் அசிங்க் பதிவை முன்கூட்டியே செய்வது. சென்சாரைப் பதிவு செய்த அந்தக் கணமே ரிசீவர் வந்து அதைப் பயன்படுத்த ஆரம்பிக்கலாம். கன்ட்ரோல்கள் தயாராவதற்கும் ரன்டைம் பவர் மேலாண்மை இயங்குவதற்கும் முன்பே பதிவு செய்தால், அபூர்வமாக, வேகமான எந்திரங்களில் மட்டும் உடையும். ஆகவே மின்சாரம், அடையாளம், கன்ட்ரோல்கள், பேட்கள் (இணைப்பு முனைகள்), ரன்டைம் பவர் மேலாண்மை எல்லாம் முடித்து, பதிவைக் கடைசியில் வையுங்கள்.

மூன்றாவது, தோல்விப் பாதை. இயக்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் ஒவ்வொன்றும் அணைய வேண்டும். கன்ட்ரோல் ஹேண்ட்லரை விடுவிக்க மறப்பதும், அணைத்த ரெகுலேட்டரை மறுபடி அணைத்து 'அன்பேலன்ஸ்டு' எச்சரிக்கை வாங்குவதும் அடிக்கடி பார்ப்பவை. புரோப் பலமுறை தள்ளிப்போய்த் திரும்ப ஓடும் என்பதால் இந்தக் கசிவுகள் ஒன்றோடு நிற்காது.

நான்காவது, மறுபூட் மட்டும் தோற்பது. ரீசெட் கால் இணைக்கப்படாத, மின்சாரமும் நிரந்தரமாக உள்ள போர்டில், எந்திரம் மறுபூட் ஆகும்போது சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. பழைய ஓட்டத்திலேயே, பழைய அமைப்புகளோடு இருக்கும். இதற்கு மென்பொருள் ரீசெட்தான் வழி. ஐஎம்எக்ஸ்219ல் 0103 ரெஜிஸ்டர், ஓவி5640ல் 3008 ரெஜிஸ்டரின் மேல் பிட். துவக்கத்தில் அதை எழுதி, டேட்டாஷீட் சொல்லும் நேரம் பொறுத்து, பிறகு மேலே போங்கள். ஐஎம்எக்ஸ்219 டிரைவரில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அந்த சென்சார் மின்சாரம் வந்ததும் தன் டேட்டா லேன்களை எல்பி-11 எனும் ஓய்வு நிலைக்குக் கொண்டுவராது. அதனால் புரோப்பிலேயே ஒரு கணம் ஸ்ட்ரீமிங்கை இயக்கி உடனே நிறுத்துகிறார்கள். தேவையில்லாத வரிகள் என்று எண்ணி அதை நீக்கிவிடாதீர்கள். எல்பி-11 வருவதற்காகக் காத்திருக்கும் ரிசீவர்கள் அப்புறம் நேரம் கடந்து தோற்கும்.

திருத்தம் முடிந்ததும் சோதனையை பூட்டோடு நிறுத்த வேண்டாம். சிஸ்எஃப்எஸ்ஸில் பைண்டு, அன்பைண்டு கோப்புகளைக் கொண்டு ஒரு சின்ன ஸ்கிரிப்டில் சில நூறு முறை டிரைவரைக் கழற்றி ஏற்றுங்கள். பாதியில் ஸ்ட்ரீமிங் ஓடவிட்டும் செய்யுங்கள். பிறகு போர்டின் மின்சாரத்தை முழுக்க நிறுத்தி, கெப்பாசிட்டர்கள் வடியும்வரை பொறுத்து, குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்புங்கள். சென்சாரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பூட் செய்யுங்கள். டிரைவர் அமைதியாகத் தோற்று, ரெகுலேட்டர்_சம்மரியில் அதன் மின்சாரங்கள் எல்லாம் அணைந்து, எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் எந்திரம் எழ வேண்டும். அந்த 60 விநாடித் தூக்கத்தையும் கட்டளை வரியில் சேர்த்த விருப்பங்களையும் நீக்கிவிட்டு, இதே சோதனைகளை இன்னொரு முறை ஓட்டிய பிறகு மாற்றங்களைச் சேமியுங்கள்.